உயரம் தாண்டினார், விழுந்தார், மீண்டும் எழுந்தார்: வலேரி புருமெல் வாழ்க்கைக் கதை

1963-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி. மாஸ்கோ நகரின் லெனின் ஸ்டேடியத்தில் மக்கள் நிரம்பி வழிந்தனர். ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தடகளப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ரஷ்யப் பிரதமர் குருஷேவ் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடன் அமெரிக்கத் தூதர் ஹாரிமன் இருந்தார். அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றிப் பேச அவர் மாஸ்கோ வந்திருந்த சமயம் அது.

மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கம்பி வைக்கப்பட்டிருந்தது. அதன் உயரம் 2.28 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த உயரத்தை அதுவரை உலகில் யாரும் தாண்டியது இல்லை.

21 வயது வாலிபர் ஒருவர் ஓடி வந்தார். தரையை ஒரு உதை உதைத்து மேலே எழும்பினார். வயிறு கம்பியைப் பார்க்க, உடம்பைச் சுருட்டி உருண்டு அந்தப் பக்கம் விழுந்தார். கம்பி அசையவில்லை. ஸ்டேடியம் அதிர்ந்தது. அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இரு நாட்டுப் பெரிய மனிதர்களும் அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து மகிழ்ந்தார்கள்.

அந்த வாலிபர்தான் வலேரி புருமெல். அன்று அவர் செய்த சாதனை 8 ஆண்டுகள் வரை முறியடிக்கப்படவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தாண்டுதல் ஒன்று பிறகு வந்தது. அதைப் பார்க்க ஸ்டேடியத்தில் கூட்டம் இல்லை.

சைபீரியாவில் பிறந்தவர்

புருமெல் 1942-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், சைபீரியாவில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். இரண்டாவது உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அவருடைய பெற்றோர் பூமிக்கு அடியில் கனிமங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடும் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே கூடாரம் அடிக்கும் வாழ்க்கை.

போருக்குப் பிறகு அந்தக் குடும்பம் லுகான்ஸ்க் நகருக்குக் குடியேறியது. அப்போது அது சோவியத் யூனியனுக்குள் இருந்த உக்ரைனில் ஒரு தொழில் நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், இரும்புத் தொழிற்சாலைகள். தொழிலாளர்களின் பிள்ளைகளோடு பிள்ளையாகப் புருமெல் வளர்ந்தார்.

12 வயது வாக்கில் உயரம் தாண்டும் பயிற்சியில் சேர்ந்தார். பிறவியிலேயே பெரிய பலசாலி என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் விடாப்பிடி குணம் இருந்தது. இன்றைக்கு ஓர் உயரத்தைத் தாண்ட முடியாவிட்டால் நாளைக்கும் வந்து நிற்பார். 16 வயதில் 2 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். அந்த வயதில் அது சாதாரணம் அல்ல. அவருடைய பெயர் மாஸ்கோ வரை எட்டியது.

குருவும் சீடனும்

விளாதிமிர் தியாச்கோவ் என்பவர் அப்போது ரஷ்யாவின் தலைசிறந்த பயிற்சியாளர். தாண்டுவதை ஒரு விஞ்ஞானமாகவே ஆராய்ந்தவர். ஓடி வரும்போது எத்தனை அடி வைக்க வேண்டும், கடைசி அடியில் உடம்பு எப்படிச் சாய வேண்டும், எந்த நொடியில் கால் தரையை உதைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். புருமெல் அவரிடம் வந்து சேர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். நாம் பக்கவாட்டில் ஓடிவந்து, கத்தரிக்கோல் விரிவதுபோல் ஒரு காலுக்குப் பின் மறு காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டுவோம். உட்கார்ந்த நிலையில் உடம்பு கம்பியைக் கடக்கும். அந்த முறையில் ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. புருமெல் கையாண்டது வேறு முறை. கம்பிக்கு மேலே குப்புறப் படுத்தாற்போல் உருண்டு போவது. கம்பியை வயிற்றால் தழுவிக்கொண்டு சுற்றுவது என்றுகூடச் சொல்லலாம். இதனால் உடம்பின் கனம் கம்பியை ஒட்டியே போகும். எழும்பிய உயரம் வீணாகாது.

இந்த முறைக்குக் கால் பலம் மட்டும் போதாது. வேகமும் வேண்டும். வேகமாக ஓடி வந்து, அந்த வேகம் முழுவதையும் ஒரே உதையில் மேல்நோக்கித் திருப்ப வேண்டும். மெதுவாக ஓடினால் எழும்ப முடியாது. வேகம் கூடினால் உதைக்கும் காலில் சுமை கூடும். அதைத் தாங்கப் பலம் இல்லாவிட்டால் முழங்கால் மடங்கிவிடும். ஆகவே தியாச்கோவ் தம் சீடரைப் பளு தூக்க வைத்தார். உயரம் தாண்டுகிறவன் மெலிந்த உடம்போடு இருந்தால் போதும் என்று நினைத்த காலத்தில், புருமெல் இரும்புக் குண்டுகள் மாட்டிய கம்பியைத் தோளில் சுமந்து குந்தி எழுந்தார். குறுகிய தூர ஓட்டக்காரர்களோடு ஓடினார். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பயிற்சிக்கே போயின.

அந்தப் பயிற்சியின் பலனைக் காட்ட ஒரு சங்கதி சொல்வார்கள். கூடைப்பந்து ஆட்டத்தில் வளையம் 10 அடி உயரத்தில் இருக்கும். நம்மில் பலர் துள்ளிக் குதித்தாலும் கையால் தொட முடியாது. புருமெல் எகிறிக் குதித்து அதைக் காலால் தொடுவார். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

ரோமாபுரியில் நடந்த அதிசயம்

1960-ம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் போட்டி. உயரம் தாண்டுதலில் தங்கம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஜான் தாமஸ்தான் என்று எல்லாப் பத்திரிகைகளும் முன்கூட்டியே எழுதிவிட்டன. தாமஸ் ஆறரை அடி உயரம் கொண்ட கறுப்பின வாலிபர். வயது 19. அந்த ஆண்டு ஜூலை மாதம்தான் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஸ்டேடியத்தில் 2.22 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்திருந்தார்.

தாமஸின் கதையும் லேசானது அல்ல. 1959-ல் அவருடைய கால் ஒரு லிப்டில் மாட்டி நசுங்கியது. உதைத்து எழும்பும் கால் அது. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, மீண்டும் பயிற்சி எடுத்து உலக சாதனை செய்தவர் அவர். அவரோடு மோதப்போன ரஷ்ய வாலிபருக்கு 18 வயது. அவருடைய பெயரை அப்போது வெளிநாட்டில் அறிந்தவர்கள் மிகச் சிலர்.

செப்டம்பர் 1-ந் தேதி இறுதிப் போட்டி நடந்தது. மணிக்கணக்கில் நீடித்தது. 2.14 மீட்டரோடு தாமஸ் நின்றுவிட்டார். ரஷ்ய அணியின் ராபர்ட் ஷாவ்லகாட்சேயும் புருமெலும் 2.16 மீட்டர் தாண்டினார்கள். ஷாவ்லகாட்சே ஜார்ஜியாக்காரர். ஒரே உயரத்தை இருவர் தாண்டினால், அந்த உயரத்தில் தவறுகள் குறைவாகச் செய்தவருக்கே வெற்றி என்பது விதி. ஷாவ்லகாட்சே முதல் முயற்சியிலேயே தாண்டினார். புருமெலுக்கு இரண்டாவது முயற்சி தேவைப்பட்டது. தங்கம் ஷாவ்லகாட்சேக்கு, வெள்ளி புருமெலுக்கு, வெண்கலம் தாமஸுக்கு.

தோற்றுப்போன தாமஸை அமெரிக்கப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. ஒலிம்பிக்கில் மூன்றாம் இடம் வாங்கிய 19 வயதுப் பையனைக் கோழை என்பதுபோல் எழுதினார்கள். ஜெயித்தால் தோளில் தூக்குவதும் தோற்றால் மண்ணில் போடுவதும் எந்த நாட்டு ரசிகர்களுக்கும் பொதுவான குணம். அந்தக் கசப்பைப் புருமெலும் பின்னால் அனுபவிக்க வேண்டியிருந்தது.

ஒரு சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்

அடுத்த மூன்று ஆண்டுகள் புருமெலின் ராஜ்யம். 1961-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவுக்கே போய், உள்ளரங்கப் போட்டிகளில் தாமஸை வென்று வந்தார். ரோமில் கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்பதை அமெரிக்க ரசிகர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

1961 ஜூன் மாதம் மாஸ்கோவில் 2.23 மீட்டர் தாண்டி, தாமஸின் உலக சாதனையை முறியடித்தார். ஜூலையில் அதே மாஸ்கோவில் 2.24. ஆகஸ்டு கடைசியில் பல்கேரியாவின் சோபியா நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 2.25. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் அந்த ஆண்டின் சிறந்த அயல்நாட்டு விளையாட்டு வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

1962 ஜூலை 22-ந் தேதி ஸ்டான்போர்டு ஸ்டேடியத்தில் 2.26. தாமஸ் உலக சாதனை செய்த அதே ஸ்டேடியம். ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். அந்தப் போட்டியைக் காண இரண்டு நாட்களிலும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். தங்கள் நாட்டு மண்ணில், தங்கள் நாட்டு வீரரைத் தோற்கடித்த ரஷ்யருக்கு அமெரிக்க மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு பெல்கிரேடு நகரில் ஐரோப்பிய சாம்பியன் பட்டம். செப்டம்பரில் மாஸ்கோவில் 2.27. அடுத்த ஆண்டுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன 2.28.

ஆறு முறை உலக சாதனை. ஒவ்வொரு முறையும் கூட்டியது ஒரே ஒரு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்பது நம் சுண்டுவிரல் அகலம். அதற்காக எத்தனை மாத உழைப்பு என்பது உழைத்தவருக்குத்தான் தெரியும். புருமெலின் சொந்த உயரம் 1.85 மீட்டர். தம் தலைக்கு மேல் 43 சென்டிமீட்டர் தாண்டியிருக்கிறார்.

இதற்கிடையே அவருக்கும் தாமஸுக்கும் நட்பு வளர்ந்தது. ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மைதானத்தில் போட்டி, வெளியே தோழமை. இரண்டு அரசாங்கங்களும் ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் ஒருவர் வெற்றிக்கு மற்றவர் கைகொடுத்தார்கள்.

டோக்கியோவில் தங்கம்

1964 அக்டோபரில் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக். இந்த முறை எல்லோரும் தங்கத்தைப் புருமெல் பேருக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் அந்த ஆண்டு பழைய நிலையில் இல்லை. தகுதிச் சுற்றிலேயே தடுமாறினார். ரோமில் தாமஸுக்கு நேர்ந்த கதி இவருக்கும் நேருமோ என்று ரஷ்ய அணி கலங்கியது.

இறுதிப் போட்டியில் கடைசியில் எஞ்சியவர்கள் பழைய நண்பர்கள் இருவரும்தான். இருவரும் 2.18 மீட்டர் தாண்டினார்கள். அதற்கு மேல் இருவராலும் முடியவில்லை. மீண்டும் தவறுகளை எண்ணிப் பார்த்தார்கள். புருமெலின் தவறுகள் குறைவு. ரோமில் அவரிடமிருந்து தங்கத்தைப் பறித்த அதே விதி, டோக்கியோவில் தங்கத்தை அவர் கையில் கொடுத்தது. தாமஸுக்கு வெள்ளி.

அப்போது புருமெலுக்கு வயது 22. பெயர், புகழ், பதக்கம், மனைவி, கைக்குழந்தை எல்லாம் இருந்தன. அடுத்த சாதனை எப்போது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அந்த ஒரு இரவு

1965-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கம். மாஸ்கோவில் மழை பெய்து சாலைகள் ஈரமாக இருந்தன. புருமெல் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டியவர் பந்தயங்களில் கலந்துகொள்ளும் ஒரு வீராங்கனை. ஆற்றங்கரைச் சாலையில் வண்டி சறுக்கியது. ஓட்டியவருக்குப் பெரிய காயம் இல்லை. பின்னால் இருந்தவர் தூக்கி எறியப்பட்டார்.

புருமெல் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது காலின் கீழ் எலும்பு துண்டு துண்டாக உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பாதம் தொங்கியது. உலகத்திலேயே மிக உயரம் தாண்டியவர் சாலையில் கிடந்தார்.

மாஸ்கோவின் புகழ்பெற்ற விபத்துச் சிகிச்சை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்துவிட வேண்டுமா என்று டாக்டர்கள் யோசிக்கும் நிலை. எப்படியாவது காலைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று முடிவு செய்து ஆபரேஷன் செய்தார்கள். கால் தப்பியது. ஆனால் எலும்பு கூடவில்லை.

அதன்பிறகு தொடங்கியது ஒரு நீண்ட வேதனை. எலும்புக்குள் சீழ் பிடித்தது. மீண்டும் ஆபரேஷன். மாவுக்கட்டு. சில மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தால் உடைந்த இடம் ஆடும். மறுபடியும் ஆபரேஷன். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட முறை அவர் ஆபரேஷன் மேஜையில் படுத்தார். மூன்று ஆண்டுகள் ஓடின. கால் சில சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

வெளியிலும் இழப்புகள். மண வாழ்க்கை முறிந்தது. கூட்டமாக வந்தவர்கள் குறைந்தார்கள். பத்திரிகைகளுக்கு வேறு வீரர்கள் கிடைத்தார்கள். அப்போதும் மறக்காதவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஜான் தாமஸ் தந்தி அடித்துத் தைரியம் சொன்னார். கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடப்பது என்றால் என்ன என்பது தாமஸுக்குத் தெரியும் அல்லவா?

குர்கான் நகரத்து டாக்டர்

மாஸ்கோவில் வழி அடைத்துப்போன சமயத்தில், தொலைவில் உள்ள ஒரு டாக்டரைப் பற்றிப் புருமெல் கேள்விப்பட்டார். யூரல் மலைக்கு அப்பால், சைபீரியாவின் வாசலில் குர்கான் என்று ஒரு நகரம். தலைநகரத்துக்காரர்கள் பலருக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அங்கே இருந்தவர் டாக்டர் கவ்ரில் இலிசாரோவ்.

இலிசாரோவ் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்து, குர்கான் பகுதியில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். போரில் அடிபட்டுக் கை கால் முடங்கித் திரும்பியவர்கள் அவரிடம் வந்தார்கள். பிரசவம் முதல் பல்வலி வரை பார்க்க வேண்டிய ஒற்றை டாக்டர் அவர். மாவுக்கட்டில் மாதக்கணக்கில் கிடந்தும் எலும்பு கூடாதவர்களைப் பார்த்துப் பார்த்து, வேறு வழி இல்லையா என்று யோசித்தார். 1950-களின் தொடக்கத்தில் ஒரு கருவியை உருவாக்கினார்.

பார்ப்பதற்கு அது டாக்டரின் கருவி மாதிரி இருக்காது. பட்டறையில் செய்த சாமான் மாதிரி இருக்கும். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, அவற்றை வளையத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். வளையங்களை நீண்ட திருகாணிகள் இணைக்கும். உடைந்த எலும்பு அசையாது. ஆனால் நோயாளி எழுந்து நடக்கலாம். நடந்தால்தான் ரத்தம் ஓடும், எலும்பு வளரும் என்பது இலிசாரோவின் கொள்கை.

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. எலும்பைப் பிரித்து வைத்து, திருகாணியை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், அதையும் நாலு தவணையாகச் சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே வந்தால், நடுவில் உள்ள இடைவெளியில் புது எலும்பு முளைத்து நிரம்பும். அவசரப்பட்டு வேகமாகத் திருகினால் எலும்பு வளராது. மிக மெதுவாகத் திருகினால் இடைவெளி முன்னதாகவே மூடிக்கொள்ளும். சரியான அளவில் திருகினால் குட்டையான காலை நீளமாக்கலாம்.

தலைநகரில் இருந்த பெரிய நிபுணர்கள் பலர் இதை நம்பவில்லை. இது வைத்தியமா, பட்டறை வேலையா என்று ஏளனம் செய்தார்கள். இத்தனைக்கும் அவரிடம் போய்க் கால் குணமாகித் திரும்பியவர்கள் பல நூறு பேர். ஆனால் அவர்கள் எல்லாம் விவசாயிகள், தொழிலாளர்கள், பழைய சிப்பாய்கள். அவர்கள் நடப்பதை யார் பார்த்தார்கள்?

1968-ம் ஆண்டு புருமெல் ஊன்றுகோலோடு குர்கான் வந்து சேர்ந்தார். இலிசாரோவ் காலைப் பரிசோதித்தார். தம் கருவியைப் பொருத்தினார். கூடாத எலும்பைக் கூட வைப்பது, குறைந்த நீளத்தைத் திரும்பப் பெறுவது, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தார். வளையங்களோடு புருமெல் நடக்கப் பழகினார். சில மாதங்களில் கருவியைக் கழற்றினார்கள். கால் ஊன்றி நின்றது. இரண்டு கால்களும் சமமாக இருந்தன.

மாஸ்கோவில் மூன்று ஆண்டுகளில் முடியாதது, ஒரு சிறு நகரத்தில் சில மாதங்களில் முடிந்தது. ஆறு முறை சென்டிமீட்டர் கணக்கில் உயர்ந்தவர், இந்த முறை மில்லிமீட்டர் கணக்கில் எழுந்து நின்றார்.

மீண்டும் மைதானத்தில்

நடக்க முடிந்ததே போதும் என்று மற்றவர்கள் திருப்திப்பட்டிருப்பார்கள். புருமெல் மறுபடியும் பயிற்சிக்குப் போனார். மெலிந்துபோன காலைக்கொண்டு ஓடப் பழகினார். பிறகு தாண்டினார். மீண்டும் போட்டிகளில் இறங்கி 2 மீட்டருக்கு மேல் தாண்டிக் காட்டினார். காலை எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் யோசித்த மனிதர், நம் வீட்டு நிலைப்படியைவிட உயரமான கம்பியைத் தாண்டினார்.

ஆனால் உலகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் பாஸ்பரி என்ற வாலிபர், கம்பிக்கு முதுகைக் காட்டி மல்லாந்தபடி தாண்டி 2.24 மீட்டரோடு தங்கம் வாங்கினார். முன்பெல்லாம் தாண்டியவர்கள் மணலிலும் மரத்தூளிலும் விழுவார்கள். முதுகு அடித்து விழுந்தால் கழுத்து முறியும். மெத்தைகள் வந்தபிறகு அந்தப் பயம் போயிற்று. புதிய முறை எல்லா நாடுகளுக்கும் பரவியது.

புருமெலின் 2.28 மீட்டர் சாதனை 1971 ஜூலை வரை நின்றது. அமெரிக்காவின் பாட் மாட்ஸ்டார்ப் 2.29 தாண்டி அதை முறியடித்தார். அவர் தாண்டியதும் புருமெல் கையாண்ட அதே குப்புற உருளும் முறையில்தான். 1978-ல் விளாதிமிர் யாஷ்சென்கோ என்ற உக்ரைன் வாலிபர் அந்த முறையில் 2.34 மீட்டர் தாண்டினார். அந்த முறையில் உலக சாதனை செய்த கடைசி வீரர் அவர். இன்று மல்லாந்து தாண்டாதவர்களைப் பெரிய போட்டிகளில் பார்க்க முடியாது. 1993-ல் கியூபாவின் சோட்டோமயர் 2.45 மீட்டர் வரை போனார்.

எழுத்தாளர் புருமெல்

பழைய உயரங்கள் இனி வராது என்று தெரிந்தபோது புருமெல் மைதானத்தை விட்டு ஒதுங்கினார். ஆனால் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. பேனாவை எடுத்தார். நாவலும் நாடகங்களும் எழுதினார். எழுத்தாளர் லாப்ஷினுடன் சேர்ந்து அவர் எழுதிய கதைகளில் விபத்தில் சிக்கும் ஒரு விளையாட்டு வீரனும், யாரும் மதிக்காத ஒரு டாக்டரும் வருவார்கள். யாரை நினைத்து எழுதினார் என்று சொல்ல வேண்டியது இல்லை. தாண்டும் உரிமை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு திரைப்படத்துக்கும் கதை வசனம் எழுத உதவினார்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குதிரையேற்ற வீராங்கனை யெலேனா பெதுஷ்கோவாவை அவர் பிறகு மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். அந்த மணமும் நிலைக்கவில்லை. சொந்த வாழ்க்கையில் அவருக்கு அமைதி கிடைத்தது என்று சொல்ல முடியாது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பழைய காயங்கள் வயதான காலத்தில் திரும்பி வந்து பேசின.

நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்த புருமெல் 2003-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி மாஸ்கோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 60. அவருடைய நண்பர் ஜான் தாமஸ் பத்து ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில் மறைந்தார்.

ஒரு காலும் ஆயிரம் கால்களும்

புருமெலின் சாதனைகள் முறியடிக்கப்பட்டுவிட்டன. அது விளையாட்டின் இயல்பு. அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் பெயரைப் பட்டியலில் கீழே தள்ளிவிட்டார்கள். ஆனால் அவர் செய்த ஒரு காரியம் மட்டும் அப்படியே நிற்கிறது.

புருமெல் எழுந்து நடந்த செய்தி ரஷ்யா முழுவதும் பரவியது. நூற்றுக்கணக்கான ஏழைகள் நடந்தபோது கண்டுகொள்ளாத பெரிய மனிதர்கள், ஒலிம்பிக் சாம்பியன் நடந்தபோது திரும்பிப் பார்த்தார்கள். குர்கானை நோக்கி நோயாளிகள் படையெடுத்தார்கள். 1971-ல் இலிசாரோவுக்கு அங்கே தனி ஆராய்ச்சி நிலையம் கிடைத்தது. 1980-ல் இத்தாலியின் புகழ்பெற்ற மலையேறும் வீரர் கார்லோ மவுரி தம் பழைய கால் முறிவுக்கு அங்கே போய்க் குணமாகித் திரும்பினார். அடுத்த ஆண்டு இத்தாலிய டாக்டர்கள் இலிசாரோவை அழைத்துப் பேச வைத்தார்கள். அதன்பின் மேல்நாடுகள் எல்லாம் அந்த முறையைக் கற்றுக்கொண்டன. இலிசாரோவ் 1992-ல் காலமானார்.

இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இலிசாரோவ் சிகிச்சை நடக்கிறது. எலும்பு முறிவு வார்டில் காலைச் சுற்றி வளையங்களும் கம்பிகளுமாகச் சிலர் படுத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இயந்திரத்தில் கால் மாட்டியவர், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லாரி இடித்தவர் என்று பலரும் இருப்பார்கள். அவர்களுக்கு வேலை என்றால் அது காலை நம்பித்தான். கால் போனால் ஊருக்குப் போகும் மணியார்டரும் போய்விடும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வளையத்தைக் கழற்றிவிட்டுத் தம் காலில் நடந்து வேலைக்குத் திரும்புகிறார்.

வலேரி புருமெல் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். குர்கான் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் நடக்கிறார். அது போதும்.